கவர்னரைக் கழற்றிய நத்தர் பாய்

போன வாரம் தஞ்சாவூர் வரை போக வேண்டியிருந்தது. ஒரு கல்லூரியில் பேச்சு. வழக்கமான டிராவல்ஸில் டாக்ஸி சொல்லியிருந்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

வந்த டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். துவாக்குடி தாண்டும் வரை சாதுவாகத்தான் வந்தார். தாண்டியதும் கார் வேறு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். முள் நூற்றுப் பதினைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மெதுவா போலாமே. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றேன்.

"இது மெதுவுதான் சார்."

"மஞ்ச போர்டு வண்டிக்கெல்லாம் ஸ்பீடு கவர்னர் உண்டே... எண்பதுக்கு மேல போகாதே?"

தெரியாதவர்களுக்காக: ஸ்பீடு கவர்னர் என்பது ஒரு சின்னப் பெட்டி. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எண்பதுக்கு மேல் வண்டியைப் போக விடாது. வாடகைக் கார்களுக்கு அது கட்டாயம். அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் வருடாந்திர எஃப்.சி. — வண்டியின் தகுதிச் சான்று — கொடுப்பார்கள்.

டிரைவர் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல ஜோக் கேட்ட சிரிப்பு.

"எஃப்.சி.க்குக் காட்டுறப்ப இருக்கும் சார். காட்டிட்டு வந்ததும் வயரை உருவிடுவோம். அடுத்த வருசம் மறுபடி சொருகுவோம். எல்லா வண்டியும் அப்படித்தான்."

"நடுவுல யாராவது புடிச்சா?"

"யாரு சார் பானெட்டைத் திறந்து வயரை எண்ணிக்கிட்டு இருக்கா?"

"கேமரா இருக்கே. ஃபைன் வருமே?"

"வரும். போன்ல மெசேஜ் வரும். ஓனர் கட்டுவாரு. டோல் கட்டுறோம்ல... அந்த மாதிரி இதுவும் ஒரு டோலுன்னு வச்சுக்கங்களேன்."

நான் கதவுக்கு மேல் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தஞ்சாவூர் வரை பிடித்த கையை எடுக்கவில்லை. நத்தர் பாய் நினைவாகவே இருந்தது.

நத்தர் பாயை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே பக்கத்தில் ஒரு வாரப் பத்தி முழுக்க அவரைப் பற்றித்தான் எழுதினேன். முழுப் பெயர் நத்தர்ஷா. திருச்சியில் பழைய ஊருக்குள் பிறந்து வளர்ந்தவர். சவுதியில் பதினான்கு வருடம் டிரைவர். திரும்பி வந்து, சொந்தமாக ஒரு கார் வாங்கி, டிராவல்ஸில் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவரை எனக்குத் தெரிந்ததே கண் ஆபரேஷன் அன்றுதான். ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தேன். "தலை ஆடக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம்! காவிரிப் பாலத்தில் ஏறி இறங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "வந்துட்டோம் சார். கண்ணு பத்திரம்" என்றார். அன்றிலிருந்து அவர்தான் எங்களுக்கு.

அவருடைய காரில் கவர்னர் இருந்தது. நிஜமாகவே வேலை செய்தது! எஃப்.சி. முடிந்து வந்த பிறகும் அவர் அந்த வயரைத் தொடவில்லை. ஒரு தடவை கேட்டேன், "சவுதியில கேமராவுக்குப் பயந்து பழகினதா பாய்?"

"மொதல்ல பயம்தான் சார். கொஞ்சம் தாண்டினாலும் அங்க விட மாட்டாங்க. அப்புறம் அது பழக்கமாயிடுச்சு. பழக்கம் ஆயிட்டா யோசிக்கவே வேண்டாம்ல. கால் தானா நிக்கும்."

"இங்க பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அதான் சார் பொட்டியை வச்சிருக்கேன்" என்றார். "பழக்கம் விட்டுப் போயிடுமோன்னு."

இதைத்தான் எழுதினேன். உருகி உருகி எழுதினேன். எத்தனை போன், எத்தனை கடிதம்! "இப்படி ஒரு மனிதரா?" என்று கேட்டார்கள். சிலர் அவருடைய நம்பர் கேட்டு வாங்கினார்கள். பாயும் அந்தப் பக்கத்தை மடித்து காரின் டேஷ்போர்டில் வைத்திருந்தார்.

சரி, இவ்வளவு உருகியவன் என்ன செய்தேன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வசந்தியின் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். நாமக்கல்லில். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிப்பதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஏழரைக்குக் கிளம்பினால் நிதானமாகப் போய்விடலாம். பாய் ஏழு இருபதுக்கே வாசலில் வந்து நின்றார்.

வசந்தியின் தம்பி பாஸ்கர் மன்னார்புரத்திலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். வந்தான் — எட்டரைக்கு. சட்டை அயர்ன் பண்ணக் கொடுத்தது வரவில்லையாம்.

நம்பர் ஒன் டோல்கேட் வருவதற்குள்ளேயே பாஸ்கர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். முசிறி ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போக ஒன்று, வர ஒன்று. ஒரு பக்கம் காவிரி, வாழைத்தோப்பு. வீடுகள், பெட்டிக்கடைகள், ஸ்கூல்கள், குறுக்கே போகும் ஆடுகள். அதில் எண்பது என்பதே அதிகம். பாய் அறுபது, எழுபதில்தான் போனார். நல்ல நேர்ச் சாலை வந்தால் எண்பது. அதோடு சரி.

முன்னால் ஒரு கரும்பு லாரி. விலகவே இல்லை.

"ஏறிப் போங்க பாய்" என்றான் பாஸ்கர்.

"எதிர்ல கேப் பத்தாது சார். இதுக்கு மேல வண்டி இழுக்காது."

"அதென்ன இழுக்காது? புது வண்டிதானே?"

பாய் கவர்னரைப் பற்றிச் சொன்னார். பாஸ்கருக்கு நம்ப முடியவில்லை. அவனுடைய சொந்தக் காரில் எண்பதைத் தாண்டினால் கீங் கீங் என்று ஒரு சத்தம் வருமாம். ஷோரூமிலிருந்து எடுத்த வாரமே தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அதன் வாயை அடைத்துவிட்டானாம். "நூத்தி முப்பதுல போவேன். சத்தமே வராது" என்றான் பெருமையாக. பிறகு கேட்டான், "பாய், இது காரா, கட்டை வண்டியா?"

பாய் லாரிக்குப் பின்னாலேயே ஓட்டினார்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. நீங்கதானே இவரை கண்டுபுடிச்சீங்க?"

மணி பத்து. தொட்டியம் இன்னும் வரவில்லை. பின் சீட்டில் வசந்தி வேறு, "நம்ம வீட்டு சார்பா யாருமே இல்லாம தட்டு மாத்துவாங்களே..." என்று முனகினாள். நான் முன் சீட்டில் இருந்தேன். எனக்கு நேர் எதிரே, டேஷ்போர்டில், நான் எழுதிய பக்கம் மடித்து வைத்திருந்தது.

நான் சொன்னேன், "பாய்... இன்னிக்கி ஒரு நாள் மட்டும் ஏதாவது பண்ண முடியாதா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. அதில் கோபம் இல்லை. ஆச்சரியம் மாதிரி ஏதோ இருந்தது.

"அது பொட்டி சார். அதுக்கு நாள் கிழமை தெரியாது" என்றார். மறுபடி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

பத்து ஐம்பதுக்கு நாமக்கல் போனோம். தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். நாங்கள் இல்லாததால் நிச்சயதார்த்தம் நின்றுவிடவில்லை. "வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். சூடாகச் சாப்பிட்டோம். எதுவுமே குறையவில்லை... ஆனாலும் பாஸ்கர் மண்டபத்து வாசலில் நின்று டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டுக் கத்தினான். "அந்த ஆளை இனிமே எங்களுக்கு அனுப்பாதீங்க. நெட்டுல ஒரு ஸ்டார் போடறேன் பாருங்க."

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். லேட்டாக வந்தது நீதானே என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். அன்று சாப்பாட்டில் பால் பாயசம் பிரமாதம் என்பது ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் மதுரைக்கு ஒரு தடவை, ஏர்போர்ட்டுக்கு ஒரு தடவை கார் தேவைப்பட்டது. இரண்டு தடவையும் டிராவல்ஸ்காரர் கேட்டார், "பாய் வண்டி ஃப்ரீயா இருக்கு, அனுப்பட்டுமா சார்?"

இரண்டு தடவையும் நான் சொன்னேன், "வேற வண்டி இருந்தா பாருங்களேன்."

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பாஸ்கர் கூட இல்லை. நானாகத்தான் சொன்னேன். எதற்கு ரிஸ்க் என்று நினைத்தேன். யோசித்துப் பாருங்கள் — எண்பதைத் தாண்டாத கார் எனக்கு ரிஸ்க்காகத் தெரிந்திருக்கிறது!

ஒரு நாள் காலையில் போன். "சார், நத்தர் பேசுறேன். நல்லா இருக்கீங்களா? கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் பாய்."

வீட்டில் எல்லாரையும் விசாரித்தார். அப்புறம் சொன்னார், "பொட்டியைக் கழட்டிட்டேன் சார். இனிமே நம்மளைக் கூப்பிடலாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது இது: "நல்லதாப் போச்சு பாய்."

சத்தியமாக அதைத்தான் சொன்னேன். மனதுக்குள் ஒரு நிம்மதி கூட வந்தது. இனிமேல் அவரைத் தவிர்க்க வேண்டாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்... எல்லாருக்கும் சௌகரியம்.

அதற்குப் பிறகு அவருடைய காரில் போக எனக்கு வாய்க்கவே இல்லை. எங்கும் போகாமல் வீட்டிலேயே கிடந்த மாதங்கள் அவை. பிறகு ஒரு தடவை டிராவல்ஸைக் கூப்பிட்டு, "பாய் இருக்காரா?" என்று கேட்டேன்.

"பாய் இப்ப ஓட்டறது இல்ல சார். தொட்டியத்துல ஒரு ஆக்சிடென்ட். மொபெட்ல வந்த ஒருத்தர் இறந்துட்டாரு. மூணு மாசம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

டிராவல்ஸ்காரர் நிறுத்தவில்லை. "பாய் சுத்தப் பைத்தியம் சார். அந்த ஆளு குறுக்கே வந்தான்னு சொன்னா முடிஞ்சுது. கூட இருந்த பார்ட்டியே அப்படித்தான் சொல்லிச்சு. இவரு ஸ்டேஷன்ல போயி, ‘நான் வேகமா வந்தேன்’னு தானே சொல்லிட்டாரு. எழுதிக்கிட்டிருந்த ஏட்டே நிமிர்ந்து பார்த்தாராம். யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

அவரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். போனிலாவது பேசியிருக்கலாம். அதற்கும் தைரியம் வரவில்லை. போன வாரம் அந்தத் தஞ்சாவூர் டிரைவர் வயர் உருவும் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், பாய் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். டீ குடித்துக்கொண்டு மூன்று டிரைவர்கள். பழக்கப்பட்ட முகங்கள். பாய் பெயரைச் சொன்னதும் ஒருவர் உச்சுக் கொட்டினார்.

"நேரம் சார். அந்த ஆளுக்கும் நேரம், பாய்க்கும் நேரம்."

"வேகமா போனதால இல்லையா?"

"எல்லாரும்தான் போறோம். எல்லாருக்குமா ஆகுது?"

ஃபைனை இன்னும் கூட்டினால் வேகம் குறையுமா என்று கேட்டேன். இன்னொருவர் செல்போனை எடுத்துக் காட்டினார். "கேமரா எங்க இருக்குன்னு இதுவே முன்னாடி சொல்லிடும் சார். அந்த இடத்துல மட்டும் பிரேக்கைத் தொட்டா போதும்."

"அப்ப கவர்னரை ஒழுங்கா வச்சிருந்தா?"

மூன்றாமவர் வயதில் மூத்தவர்.  கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்களுக்கு மட்டும் எண்பது. சொந்தக் கார் வச்சிருக்கிறவன் நூத்தி நாப்பதுல எங்களை முந்திட்டுப் போறான். அவன் காருல ஏன் சார் பொட்டி இல்ல? அவன் இடிச்சா ஆளு சாக மாட்டானா? பொட்டி எங்களுக்கு, சவாரிக்கு போன் பண்றவன் ‘இன்னும் வரலையா’ன்னு திட்டுறது எங்களை, மெதுவா போனா ஒரு ஸ்டார் எங்களுக்கு. பாய் நல்ல மனுசன் சார். நல்ல மனுசனா இருந்து பார்த்தாரு. நீங்கள்லாம் விட்டீங்களா?"

‘நீங்கள்லாம்’ என்றுதான் சொன்னார். அவருக்கு என் கதை தெரியாது. ஆனாலும் எனக்குச் சுரீர் என்றது.

பாய் இப்போது மலைக்கோட்டை பக்கம், பெரியகடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அவருடைய மச்சான் நடத்தும் பேக் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஜனங்கள் நடக்கும் அந்தச் சந்தில், தொங்கும் ஸ்கூல் பைகளுக்கும் சூட்கேஸ்களுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தாடியில் வெள்ளை கூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார்! கண்ணு எப்படி இருக்கு?"

முதல் கேள்வியே அதுதான். 

ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். டீ சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நாலு பேரு சார். நாமக்கல்ல அவங்க சொந்தக்காரர் கடை திறப்பு. ரிப்பன் வெட்டுறதுக்குள்ள போகணும்னாங்க. ஏறினதுலேர்ந்து அதே பேச்சு. ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’னு. பொட்டி இருந்தப்ப, முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு சாக்கு இருந்துச்சு. பொட்டி இல்ல... என்ன சொல்லுவேன்?"

டீ வந்தது. அவர் தொடவில்லை.

"தொட்டியம் தாண்டி ஒரு வளைவு. ரெண்டு பக்கமும் வாழை. தோப்புக்குள்ளேர்ந்து மண்ரோடு வழியா ஒரு மொபெட் மேல ஏறுது. பின்னாடி இலைக்கட்டு. பார்த்துட்டேன் சார். பார்க்காம இல்ல. பார்த்ததுமே கால் பிரேக்குக்குப் போயிடுச்சு. எண்பதுல வந்திருந்தா நின்னிருக்கும். எத்தனை வருசமா ஓட்டுறேன்... எந்த வேகத்துல எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கி நான் நூறுல இருந்தேன்."

சந்தில் யாரோ ஒரு அம்மா ஸ்கூல் பை விலை கேட்டார். மச்சான் எழுந்து போய்ப் பதில் சொன்னார். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செல்லமுத்துன்னு பேரு. ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப பேசினாரு சார். என்ன கேட்டாரு தெரியுமா? ‘இலையெல்லாம் கசங்கிருச்சா?’ன்னு கேட்டாரு. இல்லைங்க, நல்லாருக்குன்னு பொய் சொன்னேன். முசிறி தாண்டலை. மவுத்தாயிட்டாரு."

"அந்த நாலு பேர்?" என்று கேட்டேன்.

"வேற கார் புடிச்சுப் போயிட்டாங்க. ரிப்பன் வெட்டுறதுக்குள்ள போயி சேர்ந்துட்டாங்களாம்."

நான் சந்தில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாய் செல்லமுத்துவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். வேண்டாம், அடிப்பார்கள் என்று எல்லாரும் தடுத்தார்களாம். தனியாகவே போயிருக்கிறார்.

"யாரும் அடிக்கல சார். அடிச்சிருந்தா பரவால்ல. அந்தம்மா ஒரு சொம்புல தண்ணி குடுத்தாங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ‘அப்படி என்னங்க அவசரம்?’ கோவமா இல்ல சார். நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியா, பிரசவமா... ஏதாவது இருக்கும்னு நெனச்சிருப்பாங்க போல. நான் எப்படி சார் சொல்லுவேன், ரிப்பன் வெட்டுன்னு? வாய் வரல. சொம்பைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

கேஸ் நடக்கிறது. லைசென்ஸை முடக்கி வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். கார் அவருடைய தெருமுனையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது.

நான் வந்த காரியம் ஒன்று பாக்கி இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனாலும் தடுமாறினேன்.

"பாய்... நீங்க அன்னிக்கி போன் பண்ணி, பொட்டியைக் கழட்டிட்டேன்னு சொன்னீங்க. நான் ‘நல்லதாப் போச்சு’ன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை உங்க வண்டி வேண்டாம்னு சொன்னதும் நான்தான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். "கழட்டினதும் பழைய பார்ட்டி அத்தனை பேருக்கும் போன் போட்டேன். எல்லாருமே அதைத்தான் சொன்னாங்க."

என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே ஞாபகம் இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை மாதமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த என் பெரிய குற்றம்... அவருக்கு, ஒரே மாதிரி பேசிய இருபது குரல்களில் ஒரு குரல். அவ்வளவுதான்.

கிளம்பும்போது கேட்டேன், "இதை எழுதட்டுமா பாய்? எல்லா காருக்கும், சொந்தக் காருக்கும் சேர்த்து, பொட்டி கட்டாயம்னு சட்டம் வரணும்னு எழுதறேன்."

"தாராளமா எழுதுங்க சார்" என்றார். "முன்னாடியும் எழுதினீங்கள்ல... எத்தனை பேரு எனக்கு போன் பண்ணாங்க! அதுல யாராவது ஒருத்தர் மெதுவா போனாங்களா சார்?"

கிண்டல் இல்லை. அந்தம்மா கேட்ட மாதிரியே, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மற்றவர்களை விடுங்கள். எழுதியவனே போகவில்லையே!

"சட்டம் வரும் சார், இன்ஷா அல்லாஹ்" என்றார் அவரே. "பொட்டியும் வரும். கழட்டுறதுக்கு மெக்கானிக்கும் வருவான்."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலத்தில் எங்கள் பஸ்ஸை மூன்று கார்கள் அடுத்தடுத்து முந்தின. அவசரம். எல்லாருக்கும் ஒரு ரிப்பன் வெட்டு இருக்கும்போலிருக்கிறது. ஃபைன் போடலாம், கேமரா வைக்கலாம், பெட்டி மாட்டலாம். மாட்டுகிறவன் ஒருவன், உருவுகிறவர்கள் நாமெல்லாரும். எனக்கு இதில் வழி எதுவும் தெரியவில்லை. இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்த இத்தனை வருடத்தில், கடைசிப் பாராவில் உங்களுக்குச் சொல்ல நம்பிக்கையாக ஒரு வாக்கியம் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் முறை.

அம்மா மண்டபம் ஸ்டாப்பிங்கில் இறங்கும்போது போன் அடித்தது. பாஸ்கர்.

"மாமா, புது கார் புக் பண்ணிட்டேன்! பழசு நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே வர்ற கார்ல எல்லாம் வேகத்தை லாக் பண்ற மெஷின் கம்பெனியிலேயே வச்சுத் தரப் போறாங்களாம், கழட்டவே முடியாதாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையோ பொய்யோ... எதுக்கு வம்பு? சட்டம் வர்றதுக்குள்ள எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் வாழ்த்துச் சொன்னேன். திட்டத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வாழ்த்துதான்.

அவன் சொன்னதில் ‘சட்டம் வர்றதுக்குள்ள’ என்பது மட்டும் சரி — சட்டம் வருவதற்குள் நாமெல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.